புரொபசர் மென்பொருள் வருகிறார், எழுந்து நில்லுங்கள்!

சென்னையின் ஹவுஸ் சர்ஜன்களுக்கு, அதாவது பயிற்சி மருத்துவர்களுக்கு, ஒரு நற்செய்தி. உங்கள் வார்டுக்குப் புதுப் பேராசிரியர் வருகிறார். அவருக்குப் பணி மாறுதல் கிடையாது. எனவே மாறுதலை ரத்து செய்யச் சொல்லிக் கோட்டைக்கு நடக்கமாட்டார். கேஷுவல் லீவ், மெடிக்கல் லீவ் கேட்கமாட்டார். மாலை நான்கு மணியானால் அடையாறு கிளினிக்கில் டோக்கன் போட்டவர்கள் காத்திருக்கிறார்கள் என்று காரைக் கிளப்பமாட்டார். பதவி உயர்வு, பஞ்சப்படி, பழைய ஓய்வூதியம் என்று எதற்கும் கொடி பிடிக்கமாட்டார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகமாட்டார். வருடச் சந்தா கட்டினால் போதும். நிதித்துறை நெடுங்காலமாகத் தேடிக்கொண்டிருந்த இந்த உத்தமரின் பெயர் செயற்கை நுண்ணறிவு.

இத்தகைய பேராசிரியர்களின் பதவியேற்பு விழா மருத்துவமனையில் நடப்பதில்லை. தி.நகரில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து, குளிரூட்டிய அரங்கம் எடுப்பார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, முன்வரிசையில் ஓய்வுபெற்ற பெரிய டாக்டர்கள். கோட் போட்ட இளைஞர் ஒருவர் மேடையேறி, ‘நாங்கள் டாக்டர்களின் இடத்தைப் பிடிக்க வரவில்லை, அவர்களுக்குத் துணையாக வந்திருக்கிறோம்’ என்று உருகுவார். அடுத்த ஸ்லைடிலேயே டாக்டரைவிட எந்திரம் எத்தனை மார்க் அதிகம் வாங்கியது என்ற படம் வரும். முன்வரிசை கைதட்டும். தங்களைத்தான் சொல்கிறார் என்பது மதிய விருந்து முடிந்து வெற்றிலை போடும்போதுகூட அவர்களுக்கு உறைக்காது.

அந்த ஸ்லைடில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் ஒரே ஆய்விலிருந்து வருபவை. 2024 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா நெட்வொர்க் ஓபன்’ இதழில் வந்தது. 50 மருத்துவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். வழக்கமான நூல்களையும் இணையத்தையும் மட்டும் வைத்துக்கொண்டவர்கள் 74 சதவீதம் வாங்கினார்கள். ஜிபிடி-4 துணையோடு எழுதியவர்கள் 76. எந்திரம் தனியாக எழுதியபோது 92. விற்க வருகிறவர் இந்த மூன்று எண்களோடு நிறுத்திக்கொள்வார். அந்தத் தேர்வில் எந்திரத்தின் முன் வைக்கப்பட்டவை எழுதி முடித்த கேஸ்கள். நோயாளியிடம் யாரோ பொறுமையாகக் கேட்டு, யாரோ உடம்பைத் தொட்டுப் பார்த்து, யாரோ ரத்தம் எடுத்து, எது முக்கியம் எது வெட்டி என்று யாரோ பிரித்து எழுதிக் கொடுத்த பக்கங்கள். வேலையில் முக்கால்வாசி முடிந்த பிறகு எந்திரம் வந்து உட்கார்ந்து மார்க் வாங்கிக்கொண்டது.

ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் எழுதி முடித்த கேஸ் வந்து நிற்பதில்லை. மஞ்சள் பையில் நாலு வருடச் சீட்டுகளைக் கலைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மனுஷி வந்து நிற்கிறாள். எந்த மாத்திரையை எப்போது நிறுத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது. அதைக் கறக்கத் தெரிந்தவர்தான் மருத்துவர். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் இன்டர்ன்ஷிப் என்று ஒரு வருடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

எந்திரம் முட்டாள் என்று சொல்ல வரவில்லை. அது நன்றாகப் படித்த பிள்ளை. எப்படிப் படித்தது என்பதற்கு நுங்கம்பாக்கத்திலேயே சாட்சி உண்டு. நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்தில் கண்டுபிடிக்கும் கூகுளின் நிரல் பற்றிய பெயர்பெற்ற கட்டுரை 2016-ல் ‘ஜாமா’ இதழில் வந்தது. அதற்குக் கண் படங்கள் கொடுத்த இந்திய மருத்துவமனைகளில் நம் சங்கர நேத்ராலயாவும் மதுரை அரவிந்தும் உண்டு. பாடம் படிக்கக் கொடுத்த படங்கள் 1,28,175. அவற்றை மதிப்பிட 54 பேர்; எல்லோரும் அமெரிக்காவில் உரிமம் பெற்ற கண் மருத்துவர்கள் அல்லது பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் இருந்தவர்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு தடவை வேறு வேறு கண்கள் பார்த்தன. அந்த மதிப்பீட்டோடு எந்திரத்தின் விடை ஒப்பிடப்பட்டது. தப்பென்றால் எந்திரம் மறுபடி எழுதியது. மறுபடி ஒப்பிடப்பட்டது.

நம்மூர் ஹவுஸ் சர்ஜன் இதைப் படித்தால் அழுவான். எந்திரத்தின் ஒரு படத்துக்கு மூன்று வாத்தியார். அவன் எழுதும் கேஸ் ஷீட்டை ஒருவர் பார்த்துத் திருத்தினால் அன்று அவனுக்குத் தீபாவளி. அனுபவசாலிகள் பக்கத்தில் உட்கார்ந்து லட்சம் தடவை திருத்தினால்தான் அறிவு வரும் என்று எந்திரம் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த எந்திரத்தை வாங்கி, பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம் என்பதற்கு நியாயமாகக் காட்டத் தெரிந்தவர்கள் நாம்.

அந்த இன்டர்ன்ஷிப் வருடம் எப்படிப் போகிறது? தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி 52 வாரம். சமுதாய மருத்துவத்துக்கு 12, பொது மருத்துவத்துக்கு 6, அறுவை சிகிச்சைக்கு 6, மகப்பேறுக்கு 7. உயிரும் மரணமும் வாசலில் மோதிக்கொள்ளும் கேஷுவாலிட்டிக்கு 2. லாக் புக் எழுத வேண்டும், மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. கடைசி வாரத்தில் 52 வார லாக் புக்கும் ஒரே பேனாவில், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டு, பார்க்காமலே கையெழுத்தாகும் அதிசயத்தை விதிகள் மட்டும்தான் அறியா.

ஏதோ ஓர் அட்மிஷன் டே, இரவு பதினொன்றரை என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி டாக்டரம்மாவுக்கு வயது 23. ஒரு கையில் ஊதா மூடி டியூப், சிவப்பு மூடி டியூப். பிளாஸ்டரில் பெயர் எழுதி ஒட்டியாயிற்று. லேப் வேறு கட்டடத்தில். ரத்த வங்கி இன்னொரு பக்கம். நடுவில் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க வேண்டும், இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும், டிராலி தள்ள ஆளில்லை என்றால் அதையும் தள்ள வேண்டும். ஏழாம் நம்பர் படுக்கையில் ஒரு பாட்டி. பத்து நாள் காய்ச்சல், வயிறு உப்பல். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கே கை வைப்பது? புத்தகத்தில் இருக்கிறது. கையில் இல்லை. பி.ஜி. டாக்டர் தியேட்டரில். டியூட்டி அசிஸ்டன்ட் கீழே கேஷுவாலிட்டியில் நாலு பேருக்கு நடுவில். டாக்டரம்மா செல்போனை எடுக்கிறாள். வயது, காய்ச்சல், வயிறு. மூன்று விநாடியில் அழகான பட்டியல் வருகிறது. எட்டு நோய், ஒவ்வொன்றுக்கும் என்ன பரிசோதனை என்பது உட்பட. பட்டியலில் எட்டு நோய். பாட்டிக்கு ஒரு வயிறுதான்.

இந்த இடத்தில் ஒரு வாத்தியார் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? வலது அடிவயிற்றிலிருந்து மெல்ல மேலே, இடது விலா எலும்பை நோக்கிக் கையை நகர்த்தச் சொல்லியிருப்பார். தன் கையை அவள் கைமேல் வைத்து, “பாட்டி, மூச்சை நல்லா இழுங்க… இப்ப பாரும்மா, விரல் நுனியில வந்து தட்டுதா?” என்று கேட்டிருப்பார். தட்டியிருக்கும். அவ்வளவுதான் பாடம். அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் நாற்பது வருடம் அந்தப் பெண்ணின் விரலில் இருந்திருக்கும். டாக்டர் கே.வி. திருவேங்கடம் போன்றவர்கள் படுக்கையருகே நின்று பாடம் சொல்லியே பேர் வாங்கிய ஊர் இது. ஜி.எச். வாசலில் டாக்டர் ரங்காச்சாரிக்குச் சிலை வைத்த ஊர் இது. அடுத்த சிலையை சர்வருக்கு வைத்துவிடலாம். மாலை போடும்போது ஷாக் அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு ஏதோ வானத்திலிருந்து குதித்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். நம் மருத்துவக் கல்விக்குச் செயற்கை என்பது பரம்பரைச் சொத்து. 2025 ஜூன் இறுதியில் சி.பி.ஐ. பதிந்த மருத்துவக் கல்லூரி லஞ்ச வழக்கை எடுத்துப் பாருங்கள். அது சொல்லும் குற்றச்சாட்டுகள்: ஆய்வு நாளுக்கு மட்டும் வந்துபோன பேய் ஆசிரியர்கள், படுக்கையை நிரப்பப் பிடித்து வந்த போலி நோயாளிகள், பயோமெட்ரிக் கருவியில் வைக்கச் செய்த செயற்கை விரல்கள். இவை எல்லாம் நீதிமன்றத்தில் நிரூபணமாக வேண்டியவை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். செயற்கை நோயாளி இருந்தார், செயற்கை ஆசிரியர் இருந்தார், செயற்கை விரலும் இருந்தது. அறிவு ஒன்றுதான் பாக்கி; அதுவும் வந்துவிட்டது. இனி அசல் என்று கல்லூரியில் மிஞ்சப்போவது ஃபீஸ் மட்டும்.

விரலை நம்ப முடியாமல் போனதும் ஆணையம் முகத்தைப் பிடித்தது. 2025 மே 1 முதல் ஆசிரியர்களுக்கு ஆதார் வழி முகப்பதிவு வருகை, கூடவே ஜி.பி.எஸ். பேராசிரியரின் முகம் வளாகத்துக்குள் இருக்கிறதா என்று செயற்கைக்கோள் பார்க்கும். அந்த முகத்தின் வாய் யாருக்காவது பாடம் சொன்னதா என்று பார்க்க எந்தக் கோளும் இல்லை. 2023 மே மாதம் ஸ்டான்லிக்கு நடந்தது நினைவிருக்கிறதா? 1938-லிருந்து மருத்துவர்களை உருவாக்கும் கல்லூரி. கண்காணிப்பு கேமராவும் பயோமெட்ரிக் கருவியும் சரியாக இல்லை என்று திருச்சி, தர்மபுரிக் கல்லூரிகளோடு சேர்த்து அதன் அங்கீகாரத்தைப் பிடுங்கினார்கள். கருவிகளைச் சரிசெய்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். கேமரா பழுதானால் கல்லூரி கல்லூரியே இல்லை. கற்பித்தல் பழுதானால்? அதற்கு விதியில் பத்தி இல்லை.

2025 மே மாதத்திலேயே தமிழகத்தின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் 34-க்கு விளக்கம் கேட்டு ஆணையத்தின் நோட்டீஸ் வந்தது. ஆசிரியர் பற்றாக்குறை அதில் முக்கியமான குறை. 34-க்கு நோட்டீஸ் என்றால் அது கல்லூரிகளின் வியாதி அல்ல, மாநிலத்தின் வியாதி. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 கல்லூரிகளைத் திறந்து, சாதனை என்று மத்தியும் மாநிலமும் ஆளுக்கொரு பக்கம் மார்தட்டிக்கொண்டன. கட்டடத்தைக் காண்ட்ராக்டர் இரண்டு வருடத்தில் எழுப்பிவிடுவார். பேராசிரியரை எழுப்ப இருபது வருடம் ஆகும். அந்த இருபது வருடத்தை மறைக்கப் போர்த்தும் பட்டுத் துணிதான் இப்போது மென்பொருள் என்ற பெயரில் வருகிறது.

இன்டர்ன்களும் பாவம், ஞானிகள் அல்லர். வார்டில் உடம்பு, மனம் முழுக்க மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வில். 200 கேள்வி, 800 மதிப்பெண். பாட்டியின் மண்ணீரலைத் தொட்டால் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. அதைப் பற்றிய நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் நாலு மதிப்பெண். அவர்கள் எதைத் தொடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தத் தேர்விலும் 2023 செப்டம்பரில் இடம் நிரம்பவில்லை என்று தகுதி வரம்பை பூஜ்ய பர்சன்டைலுக்கு இறக்கினார்கள். தேர்வறைக்கு வந்து போனாலே தகுதி. மருத்துவ அறிவை விடை குறிக்கும் வேலையாகச் சுருக்கியாயிற்று. அந்த வேலையில் மனிதரைவிட எந்திரம் கெட்டி என்று இப்போது வியக்கிறோம்.

வெளிநாட்டில் இதையெல்லாம் சோதித்துப் பார்க்கிறார்கள். போலந்தில் நாலு மையங்களில் நடந்த ஆய்வு 2025 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழும இதழில் வந்தது. குடலுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் மருத்துவர்கள். ஒவ்வொருவரும் 2,000-க்கு மேல் செய்து பழகியவர்கள். செயற்கை நுண்ணறிவு துணைக்கு வந்த சில மாதங்களுக்குப் பின், அது இல்லாமல் அவர்கள் பார்த்த பரிசோதனைகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். கட்டி கண்டுபிடித்த விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4-க்கு விழுந்திருந்தது. 2,000 முறை செய்து பழகிய கண்ணே சில மாதத்தில் சோம்பிப் போகிறது என்றால், ஒரு முறைகூடச் செய்யாத கைக்கு என்ன ஆகும்? பெரியவர்களுக்குக் கற்றது மறக்கும். நம் பிள்ளைகளுக்கு மறக்கவே ஒன்றும் இருக்காது.

நல்ல செய்தியும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கென்யாவின் நைரோபியில் பெண்டா என்ற நிறுவனத்தின் 15 சிறு மருத்துவமனைகளில், ஓப்பன்ஏஐ-யும் சேர்ந்து நடத்திய ஆய்வில், 39,849 நோயாளி வருகைகளைப் பார்த்தார்கள். எந்திரத் துணை இருந்த இடங்களில் நோய் கணிப்புத் தவறு 16 சதவீதமும் சிகிச்சைத் தவறு 13 சதவீதமும் குறைவு. எப்படிச் சாதித்தார்கள்? மருத்துவர் முதலில் தன் முடிவை எழுதுவார். தப்பு தென்பட்டால் எந்திரம் சிவப்பு, மஞ்சள் விளக்குக் காட்டும். பழக்கிவிட ஆட்களும் இருந்தார்கள். நம்மூரிலும் அரசின் மின்னாளுமை முகமை செல்போன் படத்தில் கண்புரையைக் கண்டுபிடிக்க ‘இ-பார்வை’ செயலியைச் செய்தது. மருத்துவர் இல்லாத கிராமத்தில் யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று சொல்ல அது போதும். எந்திரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் கையில் அது நன்றாகத்தான் வேலை செய்கிறது.

நாம் அதை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் சாதியும் வர்க்கமும் வெளிப்படுகின்றன. கிரீம்ஸ் சாலை அப்போலோ 2023-லேயே மருத்துவர்களுக்கென்று ‘கிளினிக்கல் இன்டெலிஜென்ஸ் எஞ்சின்’ கொண்டு வந்தது. செயற்கை நுண்ணறிவால் மருத்துவர், செவிலியருக்குத் தினம் இரண்டு மூன்று மணி நேரம் மிச்சமாக்குவது தங்கள் இலக்கு என்று 2025 மார்ச்சில் அந்தக் குழுமம் சொன்னது. அங்கே எந்திரத்துக்கு மேலே ஒரு சீனியர் கன்சல்டன்ட் உட்கார்ந்திருக்கிறார். அரசு வார்டில் எந்திரத்துக்கு மேலே மின்விசிறி. மயிலாப்பூர் லஸ்ஸில் வசிக்கும் பெரிய மனிதர் தன் நெஞ்சுவலிக்கு மூன்று நிபுணரிடம் கருத்துக் கேட்பார். பிறகு ஏழைக்கு ஏன் மென்பொருள் போதும் என்று மாலைக் கருத்தரங்கில் பேசுவார்.

தப்பு நடந்தால் யார் பொறுப்பு? பயிற்சி மருத்துவருக்கு இருப்பது தற்காலிகப் பதிவு. தன் கையெழுத்தில் இறப்புச் சான்றிதழ் தரக்கூடாது, சட்டம் சார்ந்த மருத்துவ ஆவணம் தரக்கூடாது என்கிறது விதி. மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். மேற்பார்வைக்கு எந்திரத்தை வைத்துவிட்டால், மெடிக்கல் கவுன்சிலில் ஆஜராக சர்வரைக் கட்டி இழுத்து வருவார்களா? பாட்டியின் ஓ.பி. சீட்டைப் பெயர், வயது, முகவரியோடு படமெடுத்து ஏதோ செயலியில் ஏற்றுவதைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நிறைவேறியது. வார்டுக்குள் அதற்கு விசிட்டர் பாஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

காகிதப் பொறுப்பு இருக்கட்டும், நேரில் நிற்பவர் படும் பாட்டைப் பாருங்கள். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவரை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். எந்த நியாயமும் கற்பிக்க முடியாத குற்றம் அது. அரசு மருத்துவமனையில் உறவினரின் கோபம், பயம், அழுகை எல்லாவற்றுக்கும் முன்னால் முதலில் நிற்பது யார்? பெரும்பாலும் 23 வயது ஹவுஸ் சர்ஜன். ‘அம்மா பிழைக்கமாட்டாங்க’ என்பதை ஒரு மகனிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதைச் சொல்லத் தெரிந்த மூத்தவர் பக்கத்தில் நின்று சொல்ல, பார்த்துத்தான் கற்க முடியும். மென்பொருள் மிக இனிமையான ஆறுதல் வாக்கியங்கள் எழுதித் தரும். அடி விழுந்தால் அதற்கு முதுகு கிடையாது. அவளுக்கு உண்டு.

எனவே, மென்பொருள் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். வாங்கும் முன் ஐந்து காரியம் செய்யட்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடங்களைப் பெயர்ப் பலகையில் எழுதி வாசலில் மாட்டி, நிரப்பட்டும். ரத்தம் சுமக்கவும் டிராலி தள்ளவும் ஆள் போட்டு, ஹவுஸ் சர்ஜனை நோயாளியின் பக்கத்தில் நிற்க விடட்டும். இன்டர்ன் தன் கணிப்பைத் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே எந்திரம் வாய் திறக்கட்டும். மூத்த மருத்துவர் இரண்டையும் பார்த்துத் திருத்தட்டும். நோயாளியின் பெயர் வார்டைத் தாண்டாமல் இருக்கட்டும். இந்த ஐந்தும் முடியாது, மென்பொருள் மட்டும் முடியும் என்றால், நீங்கள் வாங்குவது ஆசிரியரை அல்ல. ஆசிரியர் இல்லாததற்கு ரசீது.

வாசகர்களே, அரசு மருத்துவமனையில் உங்கள் வீட்டார் படுத்திருந்தால் கேஸ் ஷீட்டில் மூத்த மருத்துவரின் கையெழுத்தும் தேதியும் நேரமும் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த இன்டர்ன் பெண்ணிடம் கோபப்படாதீர்கள். அவளுக்கு வாத்தியாரைத் தராதவர்களிடம் கோபப்படுங்கள். அவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் உங்கள் வாசலுக்கு வருகிறார்கள்.